ஏழாம் எண் சட்டைக்குள் இருந்தவர்

தாவூத் பாய் இறந்த செய்தி எனக்குக் கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் வந்தது. இடம் கிடைக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அவருடைய மகள் நூர்ஜஹான் பேசினாள். "மாமா, அத்தா மவுத்தாயிட்டாரு. மத்தியானம் லுஹர் தொழுகைக்கு அப்பறம் எடுக்கறோம். வந்துடுங்க" என்றாள். அவள் குரல் உடையவில்லை. என் முகத்தில் என்ன தெரிந்ததோ, எதிர் இருக்கையிலிருந்த பெண்மணி எழுந்து இடம் கொடுத்தார். கள்ளக்குறிச்சி வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் செருப்பு வாங்கியவர்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். செருப்புக் கடைக்காரரான அவருக்கு முகத்தைப் பார்த்தால் சில சமயம் பெயர் மறந்துவிடும், காலைப் பார்த்தால் அளவு மறக்காது. எங்கள் கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவர்களுக்கு அவரை இன்னொரு விதமாகத் தெரியும். முப்பது வருடங்களுக்கு மேல் எங்கள் ஆட்டங்களுக்குப் புள்ளி எழுதியவர் அவர்தான். நானும் அவரும் ஒரே வகுப்பு. அவரும் ஆடிப் பார்த்தார், வரவில்லை. "பந்து என் கைக்கு வந்தா எதிர் டீமுக்குத்தான் சந்தோஷம்" என்று அவரே சொல்லிக்கொள்வார். அதனால் நோட்டை எடுத்துக்கொண்டு மேசையில் போய் உட்கார்ந்தார். நாங்கள் எல்லோரும் படிப்பை முடித்து, வேலைக்குப் போய், தொந்தி போட்ட பிறகும் அவர் அந்த மேசையை விடவில்லை. ஆட்டம் இருக்கிற மாலைகளில் கடையை மச்சானிடம் ஒப்படைத்துவிட்டு மைதானத்துக்கு வந்துவிடுவார்.

எழுபதுகளின் நடுவில் நான் ஆடிய மூன்று வருடங்களில் எடுத்த புள்ளிகள்தான் எங்கள் கல்லூரியிலேயே அதிகம் என்று நெடுங்காலம் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதில் எனக்கும் பங்கு உண்டு. என் பிள்ளைகளின் கல்யாணப் பத்திரிகையில் போடவில்லை, அவ்வளவுதான். "சோறு போடட்டுமா, இல்ல அந்தப் பழைய ஸ்கோரே போதுமா?" என்று என் மனைவி கேட்பாள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பாயைப் பற்றி எழுத வேண்டுமானால் என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அதில் எனக்குப் பெருமை இல்லாத பகுதியும் இருக்கிறது.

அவருடைய நோட்டுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு வருட நோட்டிலும் முதல் பக்கத்தில் ஆட்டம் எதுவும் இருக்காது. தரை, மண். பந்து, தோல், நனைந்தால் கனம். கால், நான்கு பேருக்குக் கான்வாஸ், மற்றவர்கள் வெறுங்கால். சட்டை, ஆறு. இப்படித்தான் எழுதியிருப்பார். பிந்திய நோட்டுகளில் தரை சிமெண்டாக மாறியது, பந்து ரப்பராக மாறியது, வெளியே நின்று போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று தரும் மூன்று புள்ளிக் கோடு வந்து சேர்ந்தது, சட்டை பன்னிரண்டு ஆனது. எதற்கு இந்த வேலை என்று ஒருமுறை கேட்டேன். "பின்னாடி எவனாவது ரெண்டு காலத்து ஆளுங்கள பக்கத்துல பக்கத்துல நிக்க வெச்சுப் பாப்பான். யாரு எதுமேல நின்னுக்கினு ஆடுனாங்கன்னு அவனுக்குத் தெரியணுமில்ல" என்றார்.

அப்படிப் பார்க்கும் நாள் வந்தது. கருணாபுரத்துப் பிரகாஷ் ஆடிய காலம் அது. அப்பா மூட்டை தூக்குகிறவர். பையன் மூட்டை தூக்கின தோளோடுதான் மைதானத்துக்கே வந்தான். அவனுடைய மூன்று வருடம் முடிந்தபோது என் மொத்தத்துக்கு ஒன்பது புள்ளி குறைவாக நின்றான். செருப்புக் கடை வாசலில் பெரிய சண்டை. செல்வராஜ் சார் காலத்தில் எதிரே நின்றவர்களுக்கு ஷூவே இல்லை, அவர்களைத் தாண்டிப் போடுவது ஒரு பெரிய காரியமா என்று அவனுடைய நண்பர்கள் கேட்டார்கள். நான் விடுவேனா? எங்கள் காலத்தில் அந்தக் கோடு இருந்திருந்தால் என் பாதிப் பந்துகள் மூன்று மூன்றாக ஏறியிருக்கும், இவன் கிட்டவே வந்திருக்க முடியாது என்றேன். பாய் செருப்புகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை மைதானத்துக்கு அழைத்துப் போனார். எங்கிருந்து போடுவாயோ அங்கே போய் நில் என்றார். இடது மூலையில் போய் நின்றேன். யோசிக்கவே தேவையில்லை, கால் தானாகப் போனது. குனிந்து பார்த்தால் கோட்டுக்கு ஒரு முழு அடி உள்ளே நிற்கிறேன். நான் நின்ற இடத்தில் அவர் சாக்பீஸால் ஒரு குறி போட்டார். அடுத்த இடம். அதுவும் உள்ளே. மூன்றாவது இடத்தில் குதிகால் வெளியே இருந்தது, பெருவிரல் கோட்டின்மேல். நான் அவரைப் பார்த்தேன். "கோட்டுல பட்டா ரெண்டுதான்பா" என்றார், ஏதோ அவரே செய்த தப்பு போல. சிரித்திருந்தால்கூடக் கோபப்பட்டிருப்பேன். சிரிக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். டீக்கடையில் அவர் சொன்னதுதான் பிறகு பலரும் எடுத்துச் சொல்லும் வாசகம். "மண்ணுல ஆடுனதையும் சிமெண்டுல ஆடுனதையும் ஒரே தராசுல வெக்க முடியாது. யாரு பெரிய ஆளுன்னு இங்க குந்திக்கினு பேசுங்க. யாரு போட்டதோ அவன் பேர்ல இருக்கணும். நோட்டுக்கு அவ்ளோதான் வேல."

நான்கு வருடங்களுக்கு முன் கல்லூரியில் புதிய பலகை எழுத முடிவு செய்தார்கள். அதிகப் புள்ளி எடுத்தவர் பெயரை முதலில் எழுத வேண்டும். பட்டியல் கேட்டு பாயிடம் வந்தார்கள். உள்ளதை எடுத்துக் கொடுத்திருக்கலாம். அவர் முதல் நோட்டிலிருந்து திரும்பப் படிக்க ஆரம்பித்தார். சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் வடக்கனந்தலில் என் வீட்டுக்கு வந்தார். ஷூ பெட்டியில் பழைய நோட்டு ஒன்று இருந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்தார். என் மனைவி அடுப்படிக்குப் போகும்வரை காத்திருந்தார்.

"கடலூர் மேட்ச்சு. ரெண்டாவது பாதில ஏழாம் நம்பர் சட்டைக்குள்ள யாரு இருந்தது?" என்று கேட்டார்.

இந்தக் காலத்து ஆட்டக்காரர்களுக்கு இந்தக் கேள்வி புரியாது. எங்களிடம் இருந்தது ஆறே சட்டை. ஆடுகிறவர்களுக்கு ஐந்து, மாற்றாள் ஒருவருக்கு ஒன்று. அதற்கு மேல் யாராவது உள்ளே போக வேண்டுமென்றால், வெளியே வருகிறவன் பெஞ்சுக்குப் பின்னால் சட்டையைக் கழற்றிக் கொடுப்பான், போகிறவன் அதையே மாட்டிக்கொண்டு போவான். நடுவர்களும் கண்டும் காணாமல் விட்டுவிடுவார்கள். உள்ளூர் ஆட்டமானால் பாய் ஆளைப் பார்த்துப் பெயரை மாற்றி எழுதிவிடுவார். ஆனால் கடலூர் ஆட்டத்துக்கு அவர் வரவில்லை, அக்காவின் நிக்காஹ். அங்கே இருந்தவர்கள் எண்ணைப் பார்த்து எழுதிக் கொடுத்த தாளை அவர் அப்படியே நகல் எடுத்திருந்தார்.

நான்தான் என்று சொன்னேன். அவர் தலையை நிமிர்த்தாமல் என் காலையே பார்த்தார். "கடலூர்லேருந்து வந்த மறுநாள் நீ எங்க கடைக்கு வந்த. உன் கால் எட்டாம் நம்பரு. அன்னிக்கி ஒம்பதுல கூட நொழையல. அந்தக் கால வெச்சிக்கினு எப்படிப்பா ஆடுன?"

செத்த பாம்பை எதற்கு அடிக்கிறாய் என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். பொறாமை என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவர் நோட்டைப் பெட்டியில் வைத்து மூடினார். நீ சொல்லாமல் ஒரு எழுத்தும் மாற்ற மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

உண்மை இதுதான். கடலூரில் முதல் பாதி முடிகிற நேரத்தில் என் கணுக்கால் பிசகிவிட்டது. ஏழாம் எண் சட்டையைக் கழற்றி சடையனிடம் கொடுத்தேன். சடையன் கல்வராயன் மலையிலிருந்து அந்த வருடம்தான் கல்லூரியில் சேர்ந்திருந்தான். வெறுங்காலோடு இரண்டாம் பாதி முழுக்க ஆடிப் பதினொரு புள்ளி எடுத்தான். கோப்பை எங்களுக்கு வந்தது. மறுநாள் கல்லூரியில் தாளைப் பார்த்து, ஏழாம் எண், செல்வராஜ் என்று படித்தார்கள். கோப்பை வந்த குஷியில் கூட ஆடியவர்களும் அதைத் திருத்தவில்லை, எல்லோரும் கை தட்டினார்கள். சடையனும் கூட்டத்தில் நின்று தட்டினான். நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வருடம் அவன் படிப்பை விட்டுவிட்டு மலைக்குப் போய்விட்டான். நோட்டில் அவன் பெயருக்கு நேரே ஒரு புள்ளிகூட இல்லை.

இரண்டு மாதம் நான் கடைப்பக்கம் போகவில்லை. வேறு கடையில் வாங்கிய செருப்பு ஒரே வாரத்தில் காலைக் கடித்துவிட்டது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு பாயின் கடைக்குப் போனேன். அவர் என்னைக் கீழே குந்த வைத்து, புண்ணில் பஞ்சு வைத்துக் கட்டினார். அவர் குனிந்திருந்ததால் எனக்குச் சொல்வது சுலபமாக இருந்தது. முழுதும் சொன்னேன். கட்டி முடித்துவிட்டு, அவனைக் கேட்காமல் அவன் பெயரை எழுதக்கூடாது, மலைக்குப் போய் வரலாம் என்றார்.

மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்குப் பஸ்ஸில் போனோம். சடையன் மரவள்ளிக் கொல்லையில் இருந்தார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. பாய்தான் அவர் பாதத்தைப் பார்த்துவிட்டு, இவர்தான் என்று என் கையை அழுத்தினார். பாறையில் உட்கார்ந்து நான் செய்ததைச் சொன்னேன். அவர் கையிலிருந்த மண்ணை உதிர்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"பதினொண்ணு" என்றார். "கடைசி ஒண்ணு ஃப்ரீ த்ரோ. என் பசங்ககிட்ட சொன்னேன். காலேஜ் புஸ்தகத்துல உன் பேரு இருக்குதான்னு கேட்டானுங்க. அதோட சொல்றத வுட்டுட்டேன்."

பிறகு என்னைப் பார்த்து, "அன்னிக்கே ஏன் சொல்லல?" என்றார்.

என்னென்னவோ சமாதானங்கள் இருந்தன. அவற்றையெல்லாம் விட்டுவிட்டேன். "எல்லாரும் கை தட்டுனாங்க. சந்தோஷமா இருந்துச்சு" என்றேன்.

"எனக்கும் இருந்திருக்கும்" என்றார் சடையன்.

அதற்கு மேல் அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாய் பக்கம் திரும்பி, எழுதுங்க என்றார். பாய் நோட்டை முழங்காலில் வைத்து, என் பெயரிலிருந்து பதினொன்றை எடுத்து சடையன் பெயரில் எழுதினார். என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். சடையன் தன் மகனைக் கூப்பிட்டு அதைப் படிக்கச் சொன்னார். அந்த மகனுக்கே தலை நரைத்திருந்தது. அவர் இரண்டு தரம் சத்தமாகப் படித்தார்.

பதினொன்று போனதும் பிரகாஷ் என்னைவிட இரண்டு புள்ளி மேலே போய்விட்டான். பலகையில் இப்போது முதலில் இருப்பது அவன் பெயர். ஓசூரில் வேலையில் இருந்தவன், தனக்கு அது வேண்டாம், சார் பெயரே இருக்கட்டும் என்று பாயிடம் போனில் சொன்னான். "வேணாம்னு சொல்றதுக்கு அது இன்னா டீயா? நீ போட்டது உன்னுது" என்று சொல்லி பாய் போனை வைத்துவிட்டார். பலகை மாட்டிய அன்று நானும் போயிருந்தேன். கை தட்டினேன். முதல் தட்டு கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

அடக்கத்துக்குப் பிரகாஷ் ஓசூரிலிருந்து வந்து உடலைச் சுமக்கும் சந்தூக்குக்குத் தோள் கொடுத்தான். சடையன் மகனோடு மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். மண் தரையில் ஆடியவரும் சிமெண்டில் ஆடியவனும் நானும் கபர்ஸ்தானில் வரிசையாக நின்று மூன்று மூன்று பிடி மண் போட்டோம். யார் பெரிய ஆள் என்று அன்றைக்கு யாரும் பேசவில்லை. பேசினால் மேசையிலிருந்து நிமிர்ந்து பார்க்க அவர் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மூன்றாம் நாள் நூர்ஜஹான் அந்த ஷூ பெட்டியை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். நோட்டுகள் கல்லூரிக்குப் போக வேண்டும், அதற்கு முன் மாமா ஒருமுறை பார்க்கட்டும் என்று அத்தா சொல்லியிருந்தாராம். என் வருடத்து நோட்டைத் திறந்தேன். முதல் பக்கத்தில் தரை, பந்து, கால் எல்லாம் பழைய மங்கின மையில் அப்படியே இருந்தன. சட்டை, ஆறு என்பதற்குக் கீழே புது மையில் இரண்டு வரி சேர்த்திருந்தார்.

"கடலூரில் இரண்டாம் பாதிக்குச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தவர் செல்வராஜ். வெள்ளிமலையில் இன்னொரு முறை கொடுத்தார்."

நோட்டுகள் கல்லூரிக்குப் போய்விட்டன. எனக்கு அந்த இரண்டு வரி போதும். யாராவது என் மொத்தத்தைக் கேட்டால் பதினொன்றைக் கழித்துவிட்டுத்தான் சொல்கிறேன். சொல்லும்போது கால் வலிக்கவில்லை, பாய்.