வில்ஃப் வாயைப் பொத்துகிறார்

வலது உள்ளங்கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, இடது கையால் என் தேநீர்க் கோப்பையை ஓரமாகத் தள்ளுகிறார் வில்ஃப். எதிரே கோலின் ஒரு வார்த்தையில் சிக்கி நிற்கிறான். வில்ஃபுக்குக் கன்னம் உப்புகிறது, விழி பிதுங்குகிறது. அந்த வார்த்தை அவர் தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் சொல்லக் கூடாது. இந்தக் கூத்து தினமும் இருபது நிமிடம், எங்கள் சிறை அறையில், அதுவும் என் கட்டிலின் மேல்.

வில்ஃபுக்கு அறுபத்திரண்டு வயது. துறைமுகத்து மீன் சந்தையில் முப்பது வருடம் ஏலம் கூவியவர். திருட்டு லாரிச் சரக்கைக் கைமாற்றிவிட்டு இங்கே வந்து சேர்ந்தார். அவர் வாய்க்கு ஓய்வே கிடையாது. நான் "நாளைக்கு..." என்று ஆரம்பித்தால், "மழைதானே, தெரியும் தெரியும்" என்பார். தொலைக்காட்சி வினாடி வினாவில் கேள்வி முடியுமுன் பதிலைக் கத்துவார். பாதி தப்பாக இருக்கும். ஆசையாக நான் நூலகத்திலிருந்து எடுத்து வந்த துப்பறியும் நாவலின் அட்டையைப் பார்த்துவிட்டு, "இதா? டாக்டர்தான்பா கொலைகாரன்" என்றார். பத்து நாள் அவரோடு பேசாமல் இருந்தேன். அதை அவர் கவனிக்கவே இல்லை.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு நீலச் சட்டையை மாட்டி, படிக்கத் தெரியாத கைதிகளுக்கு வாசிப்புத் துணையாகப் போட்டார்கள். முதலில் வந்தவன் திணறத் திணற, இவரே எல்லா வார்த்தையையும் எடுத்துக் கொடுத்தார். நாலாம் நாள் அவன், "எல்லாத்தையும் நீயே படிச்சுக்கய்யா!" என்று புத்தகத்தை வீசிவிட்டுப் போனவன்தான், திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து இந்தக் கை வைத்தியம்.

கோலின் கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவன். ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்பான். பதினோரு வருடச் சிறையில் தனக்கு வந்த கடிதங்களை அடுத்தவர் வாயால்தான் கேட்டிருக்கிறான். ஒருமுறை பழைய அறைக்காரன் ஒருவன், அம்மா செத்துப்போய்விட்டதாக விளையாட்டுக்குப் படித்துக் காட்டினான். மூன்று நாள் கழித்து அந்த அம்மாவே பார்க்க வந்தாள். அதற்குப் பிறகு கோலின் எவனிடமும் ஒரு தாளை நீட்டியதில்லை. பிரிக்காத கடிதங்கள் மெத்தைக்கடியில் கிடக்கின்றன.

கோலின் வார்த்தையைப் பிடித்ததும் வில்ஃபின் கை விலகும். "அப்பாடா! அது என்ன உன்னைக் கடிச்சுதா?" என்பார்.

"மூஞ்சிய அப்படி வெச்சுக்கிட்டு உக்காந்தா எவனுக்குய்யா படிப்பு வரும்? மூச்சு நின்னுருமோன்னு எனக்குப் பயமா இருக்கு" என்பான் கோலின்.

போன வியாழக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்ததும் காவலர் மிஸ் ராட்க்ளிஃப் ஒரு தாளோடு வந்து நின்றார். தண்டனை முடியுமுன் விடுதலை கேட்டு, பரோல் வாரியத்துக்குக் கோலின் மூன்றாவது முறை போட்ட மனுவுக்குப் பதில். முந்தைய இரண்டையும் தள்ளிவிட்டார்கள்.

"நானே சொல்லிரட்டுமா, கோலின்?"

"யாரும் சொல்லக் கூடாது, மிஸ். நானே படிக்கிறேன்."

வழக்கம்போல என் கட்டில். முழங்காலில் தாளை விரித்து விரலை வைத்தான். வில்ஃப் ஒரே ஒரு முறை பார்த்தார். முழுப் பக்கமும் அவருக்குள் போய்விட்டது. கை வாய்க்குப் போனது. கண்ணில் நீர் கட்டியது. அது தினமும்தான் கட்டுகிறது, அதை வைத்து நான் என்னத்தைக் கண்டுபிடிக்க?

"வா... வாரி... யம். உங்... கள்..."

பத்து நிமிடம். மூன்று வரி. என்னால் முடியவில்லை.

"யோவ் வில்ஃப், நல்லதா கெட்டதா? தலையையாவது ஆட்டித் தொலையேன்யா!"

வில்ஃப் கண்ணையும் மூடிக்கொண்டார். கோலின் தலை நிமிராமல், "வாயை மூடுடா. எங்க விட்டேன்னே தெரியல" என்றான். என் தலையெழுத்து, முதலிலிருந்து ஆரம்பித்தான். வாசலில் மிஸ் ராட்க்ளிஃப் சாவிக் கொத்தை இறுக்கிப் பிடித்தபடி நின்றார்.

"உங்களை... விடு... விடுதலை... செய்ய... முடிவு... செய்துள்ளது."

நான் துள்ளி எழுந்தேன். வில்ஃபின் கை விலகி, வாய் திறந்துவிட்டது.

கோலின் விரலைத் தாளிலிருந்து எடுக்கவில்லை. "இருங்கய்யா, கீழ இன்னும் நாலு வரி இருக்கு."

வில்ஃப் எடுத்த கையை மறுபடியும் வாயில் வைத்துப் பொத்திக்கொண்டார்.