எடையக்காவின் பட்டம்

பார்சல் அலுவலகத்தில் அவளுக்கு எடையக்கா என்றுதான் பெயர். இருபத்திரண்டு வருடங்களாக ஒரே கவுண்டர், ஒரே தராசு. நூறு கிராம் கூடினாலும் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "ஏதாவது ஒண்ணை வெளில எடுங்க" என்பாள். கெஞ்சினாலும் கொஞ்சினாலும் பேச்சு மாறாது. யார் யார் வீட்டுச் சாமான்களோ அவள் கைபட்டு விமானம் ஏறின. அவள் மட்டும் ஏறியதில்லை.

இந்த வருடம் ஏறப்போகிறாள். நாற்பத்தேழு வயதில், தன்னந்தனியாக, வெளிநாட்டுக் கடலில் பட்டம் விட.

ஆறு வருடங்களுக்கு முன் கடற்கரைப் பயிற்சிக்காரர் ஒருவர் நீளமான பையோடு கவுண்டருக்கு வந்தார். உள்ளே பலகை, பாய்மரத் துணி, கயிறு எல்லாம் ஒரே குப்பையாகக் கிடந்தன. அவள் மொத்தத்தையும் கொட்டிப் பாதி இடத்தில் அடுக்கிக் காட்டினாள். "இதெல்லாம் எதுக்குங்க?" என்று கேட்டாள். "ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க" என்றார். போனாள். முதல் நாள் கடல் அவளைத் துவைத்துப் பிழிந்து கரையில் போட்டது. மறு ஞாயிறும் போனாள். முதலில் பாய் கட்டிய பலகையில் நிற்கப் பழகினாள். பிறகு பட்டம். இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டு, தலைக்கு மேல் பறக்கும் பட்டம் இழுக்க, பலகைமேல் நின்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் விளையாட்டு.

வெளிநாட்டுப் பயணம் என்றதும் பயிற்சிக்காரரே, "எல்லாம் அங்க வாடகைக்குக் கிடைக்குமே, ஏன் சுமக்கிறீங்க?" என்றார்.

"மூட்டை தூக்கியே தேஞ்ச தோள் சார் இது. அதுக்கு ஏத்த மாதிரி என் பட்டத்தோட கைப்பிடியைக் குட்டையா வெட்டி வச்சிருக்கேன். வாடகைப் பட்டத்துக்கு என் தோளைத் தெரியாது."

காற்று தவறாமல் அடிக்கும் மாதத்தைப் பார்த்து டிக்கெட் எடுத்தாள். பலகையின் அடித்துடுப்புகளைக் கழற்றினாள். முனை அடிபடாமல் நீச்சலுடையைச் சுற்றினாள். சிவப்புப் பட்டத்தைச் சுருட்டி, நடுவில் அதற்குக் காற்றடிக்கும் பம்பைச் செருகினாள். இருபத்து மூன்று கிலோ வரை கொண்டுபோகலாம். பை இருபத்திரண்டு கிலோ எண்ணூறு கிராம் இருந்தது.

பாக்கி இருந்தது லீவு ஒன்றுதான். படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில் ஒரு சொல்லுக்கு மேல் இடமில்லை. 'பட்டம்' என்று எழுதிக் கொடுத்தாள். நாலே நாளில் மேனேஜர் சம்மதம் சொல்லிவிட்டார்.

ஏன் அத்தனை சீக்கிரம் என்பது ஞாயிற்றுக்கிழமைதான் விளங்கியது. ஈரத் தலையோடு அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். நடுவில் மேனேஜர். ஒரு கையில் லீவுப் படிவம், மறு கையில் கேடயம். "இந்த வயசுல வெளிநாடு போய்ப் படிச்சுப் பட்டம் வாங்கப் போறாங்க. எங்க ஆபீசுக்கே பெருமை" என்று அவர் தழுதழுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். மேனேஜர் போனில் வாழ்த்தியதும் அண்ணன்தான் கூட்டம் கூட்டியிருந்தார்.

அவர் அவளைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனார். "வாயைத் திறக்காதே. படிப்புன்னு நினைச்சுதான் லீவு கொடுத்திருக்கார். நீ எழுதினதும் பட்டம், அவர் படிச்சதும் பட்டம். இதுல பொய் எங்க இருக்கு?"

"ஆறு வருஷமா என் பையை யார் கேட்டாலும் ஆபீஸ் சாமான்னு சொல்றீங்களே அண்ணா, அது?"

"பின்ன என்ன சொல்லணும்? கல்யாணம் ஆகாத தங்கச்சி, இந்த வயசுல கடல்ல குதிச்சு விளையாடுறான்னா?"

தேநீர்த் தட்டை ஏந்திய அண்ணி, "ஒரு தடவை தலையை ஆட்டிட்டுப் போயேன். கழுத்தா சுளுக்கிக்கும்?" என்றாள்.

ஆட்டினால் வியாழக்கிழமை விமானம் நிச்சயம். ஆட்டாவிட்டால் லீவு போகும். மீறிப் போனால் வேலையும் போகலாம். அவளுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் இன்னொன்றும் தெரியும். பதினெட்டு வயதில் அவள் கொண்டுவந்த கல்லூரி விண்ணப்பத்தை இதே அண்ணன் நாலாக மடித்து, ஆடுகிற மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்தார். அன்றைக்கு அவள் அழுத அழுகை அந்தச் சுவர்களுக்கு மட்டுமே தெரியும்.

அவள் பையைக் கூடத்துக்கு இழுத்து வந்தாள்.

"கீழ உட்கார்ந்திருக்கிறவங்க கொஞ்சம் எந்திரிங்க."

பட்டத்தை விரித்தாள். பம்பைச் செருகி அடிக்கத் தொடங்கினாள். துவண்டு கிடந்த சிவப்புத் துணி மூச்சு வந்தாற்போல் எழுந்தது. சுவருக்குச் சுவர் வளைந்தது. சொந்தங்கள் தேநீர்க் கோப்பைகளோடு ஓரத்தில் ஒண்டினார்கள். மேனேஜரை அது அலமாரியோடு சேர்த்து அழுத்தியது. வாசற்கதவு பட்டத்துக்குப் பின்னால் மறைந்தே போனது.

"இதான் சார் என் பட்டம். படிக்க இல்லை, விடத்தான் போறேன்." அண்ணன் பக்கம் திரும்பினாள். குரல் உடையவில்லை. "அந்தப் பட்டத்தைப் பதினெட்டு வயசுல கேட்டேன், நீங்க தரலை. இதை நானே வாங்கினேன். இதை எங்கயும் ஒளிச்சு வைக்க மாட்டேன்."

அண்ணனின் பார்வை மேசைக்காலுக்குப் போய் அங்கேயே நின்றது.

பட்டத்துக்கு மேலாக மேனேஜரின் தலை மட்டும் தெரிந்தது. "விளையாட்டுக்கெல்லாம் லீவு கிடையாதும்மா."

"கொடுக்காதீங்க. வரலைன்னு எழுதிக்குங்க. இருபத்திரண்டு வருஷத்துல நான் ஒரு கிராம் தப்பாப் போட்டிருந்தா வேலையை விட்டே அனுப்பிடுங்க. எப்படியும் வியாழக்கிழமை போறேன்."

மேனேஜர் அவளையே பார்த்தார். அந்தத் தராசின்மேல் இதுவரை ஒரு புகார்கூட வந்ததில்லை என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? மெல்லப் படிவத்தை நீட்டினார். "காரணத்தைத் திருத்துங்க. கையெழுத்துப் போடுறேன். முதல்ல என்னை வெளில விடுங்க."

கட்டத்தில் மிச்சமிருந்த இத்துனூண்டு இடத்தில் 'பட்டம்' என்பதற்குப் பக்கத்தில் அவள் 'விட' என்று நெருக்கி எழுதினாள். அவர் கையெழுத்துப் போட்டார். அவள் மூடியைத் திருகினாள். உஸ்ஸென்று காற்று இறங்கியது.

வியாழக்கிழமை வாசலில் வாடகைக் கார் நின்றது. அண்ணன் தானே பையைத் தூக்கிவந்து வைத்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேடயத்தை நீட்டினார். "இதையும் எடுத்துட்டுப் போயேன். அங்க யாராவது கேட்டா, படிக்க வந்ததா..."

அவள் கையில் வாங்கி ஒரு நொடி நிறுத்துப் பார்த்தாள். கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தாள்.

"எழுநூறு கிராம். எடை கூடிடும், அண்ணா."

கேடயத்தைத் திருப்பி அவர் கையிலேயே வைத்துவிட்டுக் காரில் ஏறினாள்.