ரசமட்டம் தோண்டிய நிலா

அவருடைய பெயர் என்னவென்று அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தால்தான் தெரியும். ஊரில் எல்லாருக்கும் அவர் ரசமட்டம். தளம் சமமாக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் ஒரு கட்டை வைத்திருப்பார்களே, கண்ணாடிக் குழாயும் உள்ளே ஒரு குமிழுமாக, அதன் பெயர்தான். ஜேசிபி ஓட்டுகிற ஆளுக்கு அது எதற்கு என்று தோன்றும். இருபத்தாறு வருடமாக, ஒவ்வொரு குழியையும் தோண்டி முடித்ததும் அவர் வண்டியை நிறுத்திவிட்டுக் கீழே இறங்குவார். குழியின் அடியில் அந்தக் கட்டையை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, குமிழ் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பார். நின்றால்தான் சாப்பாடு. கழிவுநீர்த் தொட்டிக்கான குழி என்றாலும் நாலு மூலையும் தொண்ணூறு டிகிரி.

"அண்ணே, உள்ள என்ன போகப்போகுதுன்னு தெரியும்ல?" என்று மேஸ்திரிகள் கிண்டல் செய்வார்கள்.

"போறது எதுவா வேணா இருக்கட்டும். குழி என்னோடது" என்பார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் கான்ட்ராக்டர் போன் செய்தார். ஊருக்கு வெளியே, சிமென்ட் கிடங்குக்குப் பின்னால் பெரிய காலி மனை. ஏதோ ஆராய்ச்சிக்காரர்களுக்கு நாற்பத்திரண்டு குழி வேண்டும், சிறிதும் பெரிதுமாக. ஒரு தாளில் வட்டம் வட்டமாகப் போட்டு எண் கொடுத்திருந்தார்கள். ரசமட்டத்தின் மனைவி ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். அவள்தான் அந்தத் தாளைப் பெரிதாக்கிக் கொடுத்தாள். வட்டத்தைப் பார்த்தும் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. இடத்தைக் காட்டுவதற்காகச் சுழித்திருப்பார்கள், வரைந்தவன் கையில் ஸ்கேல் இருந்திருக்காது என்று நினைத்துக்கொண்டார். முதல் நாளே ஒன்பது குழி முடித்தார். ஒன்பதும் சதுரம்.

மறுநாள் காலையில் ஓர் அம்மாள் வந்து இறங்கினார். ஐம்பது வயது இருக்கும். தலையில் தொப்பி, இடுப்பில் சுத்தியல். பாறைகளைப் படித்தவர். அன்று முதல் அவருக்குக் கல்லு மேடம் என்று பெயர் வைத்தது ரசமட்டம்தான். மேடம் முதல் குழியின் ஓரத்தில் நின்று வெகுநேரம் உள்ளேயே பார்த்தார்.

"யாருங்க இத தோண்டினது?"

"நான்தான் மேடம்."

"ரொம்ப அழகா இருக்கு."

"மூலையப் பாருங்க மேடம்."

"மூலையத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். நிலாவுல மூலை கிடையாதுங்க."

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. நிலாவுக்கு ஒரு விண்கலம் போகிறது. இறங்குகிற கடைசி நிமிடத்தில், பள்ளமும் பாறையும் இல்லாத இடத்தை அதுவே கேமராவால் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அனுப்புவதற்கு முன்னால் அந்தக் கேமராவுக்கு இங்கே பழக்கம் கொடுக்க வேண்டும். அதற்காக இந்தக் காலி மனை நிலாவாக வேண்டும்.

ரசமட்டம் தலையைச் சொறிந்துகொண்டார்.

"நிலாவுல குழிய யாரு மேடம் தோண்டினது?"

"யாரும் தோண்டல. வானத்துலேர்ந்து கல்லு வந்து விழுந்த பள்ளம்."

"கல்லு சாய்ஞ்சு வந்தா பள்ளம் நீட்டமா இல்ல விழணும்? எல்லாம் எப்படி வட்டமா இருக்கு?"

மேடத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. "எங்கிட்ட படிக்கிற பசங்க இத கேக்க மூணு மாசம் ஆகும். அது வர்ற வேகத்துக்கு, விழறதோட நிக்காது. வெடிக்கும். வெடிச்சா நாலாபக்கமும் சமமா தள்ளும்."

"அப்ப வெடிய வெச்சு முடிச்சிடலாமே. நான் எதுக்கு?"

"கேட்டுப் பாத்தோம். சிமென்ட் கிடங்குக்காரர் ஒத்துக்கல."

மேடம் கணக்குச் சொன்னார். பள்ளம் கிண்ணம் மாதிரி இருக்க வேண்டும். ஐந்தடி அகலம் என்றால் ஓரடி ஆழம். விளிம்பு கொஞ்சம் மேடாக எழும்பி நிற்க வேண்டும். வெளியே சிதறிய மண்ணில் பெரிய பாறைகள் விளிம்புக்குப் பக்கத்தில், சிறியவை தள்ளி. இது புதுப் பள்ளம். பழைய பள்ளத்துக்கு விளிம்பு தேய்ந்திருக்கும், பாதி தூர்ந்திருக்கும். அங்கே காற்றும் இல்லை, மழையும் இல்லை. ஆனால் பொடிக்கற்கள் கோடிக்கணக்கான வருடமாக விழுந்து விழுந்தே தேய்த்துவிடும். பேசிக்கொண்டே மேடம் தாளில் ஒரு வட்டத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இது முந்நூறு கோடி வருஷத்துப் பழசு. வியாழக்கிழமைக்குள்ள வேணும்."

ஒன்பது சதுரங்களையும் ரசமட்டம் தன் கையாலேயே மூடினார். மூடினாலும் கை பழைய கைதானே? லீவரைப் பிடித்தால் மண்ணள்ளும் வாளி தானாக நேர்க்கோட்டில் போனது. கிண்ணம் தோண்டப் போய்த் தொட்டி வந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சலவைத்தூள் டப்பாவைத் தாம்பாளத்தில் கவிழ்த்து, கரண்டியால் பள்ளம் போட்டுப் பழகினார். கடையைப் பூட்டிவிட்டு வந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன பண்றீங்க? துணி துவைக்க வெச்சதுல உலகத்தப் படைக்கிறீங்களா?"

"உலகம் இல்ல. நிலா."

"நாளைக்குப் போட்டுக்கச் சட்டை இருக்காது. நிலாவ சுத்திக்கிட்டுப் போங்க."

நாலாம் நாள் கை படிந்தது. பழைய பள்ளத்தின் விளிம்பைத் தேய்க்க ஒரு வழியும் அவரே கண்டுபிடித்தார். லாரியின் பழைய டயரைச் சங்கிலியில் கட்டி, பள்ளத்தின் மேல் குறுக்கும் நெடுக்குமாக இழுத்தார். நூறு கோடி வருடத்துக்கு நாலு சுற்று என்று கணக்கு. மேடம் அதைப் பார்த்துவிட்டு நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். தன்னைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொள்வது அவருக்கு அதுதான் முதல் தடவை. எழுதி முடிக்கும்வரை வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார்.

ஆனால் ஒரு பிசகு நடந்தது. சின்ன வாளி மாட்டியிருக்கும்போதே சின்னப் பள்ளங்களை முடித்துவிடலாம் என்று முதலில் அவற்றைப் போட்டார். பிறகு பதினேழாம் எண் பெரும்பள்ளத்தைத் தோண்டியபோது அது ஆறு சின்னப் பள்ளங்களை விழுங்கிவிட்டது.

"வரிசை தப்புங்க," என்றார் மேடம். "பெரியவன் மேல சின்னவன் உக்காந்திருந்தா சின்னவன் பின்னாடி பொறந்தவன்னு அர்த்தம். வெட்டினவன் இளையவன், வெட்டுப்பட்டவன் மூத்தவன். நிலாவுல எது முன்ன, எது பின்னன்னு இப்படித்தான் பாக்கறோம்."

ரசமட்டத்துக்கு இது மண்டையில் ஆணி அடித்த மாதிரி இறங்கியது. இருபத்தாறு வருடம் மண்ணைக் கிளறியும் இது தோன்றவில்லையே!

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியின் கடை வாசலில் தண்ணீர்க் குழாய் உடைந்து தெரு குளமானது. குடிநீர் மேற்பார்வையாளர் ஆட்களை வைத்துத் தோண்டிப் பார்த்துவிட்டு, குழாயை உடைத்தது கேபிள்காரர்கள்தான் என்றார். கேபிள் சூப்பர்வைசர், குழாயே மட்டமான குழாய் என்றார். தெரு இரண்டாகப் பிரிந்து கத்திக்கொண்டிருந்தபோது ரசமட்டம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார்.

"எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க. மண்ணு சொல்லும்."

கூட்டம் அமைதியானது. அவர் பள்ளத்துச் சுவரைத் தடவினார். "இது குழாய்க்குத் தோண்டினது, செம்மண்ணு போட்டு மூடியிருக்கு. இவன் மூத்தவன். இதோ, கேபிள் குழி வந்து இத வெட்டுது. இவன் இளையவன்."

"பாத்தீங்களா!" என்றார் மேற்பார்வையாளர்.

"அவசரப்படாதீங்க. கேபிள் குழி குழாய்க்கு ஓரடி மேலயே நின்னுடுச்சு. தொடவே இல்ல." இப்போது கேபிள் சூப்பர்வைசர் நெஞ்சை நிமிர்த்தினார். ரசமட்டத்துக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. "இது ரெண்டையும் வெட்டிக்கிட்டு மூணாவதா ஒண்ணு வருது பாருங்க. அதுதான் கடைக்குட்டி. குழாய அமுக்கி நெளிச்சது அவன்தான், அந்த நெளிசல்தான் இப்ப உடைஞ்சிருக்கு. சுவரு நல்லா நேரா... அடி சமமா... மூலை..."

அங்கேயே பேச்சு நின்றது. மேலே நின்றிருந்த மனைவி குனிந்து பார்த்தாள்.

"ஏங்க, பக்கத்துக் கடை பேக்கரிக்காரர் விளம்பரப் பலகைக்கு ரெண்டு வருஷம் முன்னாடி தோண்டிக் குடுத்தது நீங்கதானே?"

தெருவே சிரித்தது. சண்டை போட்ட இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு சிரித்தார்கள். ரசமட்டம் மறுக்கவில்லை. தொண்ணூறு டிகிரியை எப்படி மறுப்பது? புதுக் குழாய்த் துண்டு வாங்கிவந்து, மாலைக்குள் மாட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். திங்கட்கிழமை இதைக் கேட்ட மேடம் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "ஆனா படிச்சது சரியாத்தான் படிச்சிருக்கீங்க" என்றார். அந்த வாரம் முழுக்க அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

விழுங்கப்பட்ட ஆறையும் பெரியதன் மேல் மறுபடி போட்டதும் நாற்பத்திரண்டு பள்ளங்களும் தயாராயின. வெளிறிய கல்தூளை மேலே பரப்பினார்கள். சோதனைக்கு இரண்டு நாள் முன்னால் மழை அடித்து ஊற்றியது. பதினேழாம் எண்ணில் மட்டும் தண்ணீர் தேங்கி நின்றது. தள்ளிப்போடலாம் என்றார் மேடம். கேமராவைச் செய்த இன்ஜினியர் கேட்கவில்லை. தன் கல்யாணத்துக்குக்கூட மூன்று நாள்தான் விடுமுறை எடுத்தவர் அவர். "ஒரு பள்ளம்தானே மேடம், மீதி எல்லாம் காய்ஞ்சுதானே இருக்கு?"

காலை வெயில் சாய்ந்து விழுந்து, நிழல்கள் நீண்டு கிடந்த நேரம். கேமராவைக் கட்டிய ட்ரோன் எழும்பியது. வடக்கே ரசமட்டம் பார்த்துப் பார்த்துச் சமன்செய்து விட்டிருந்த நல்ல திடல் ஒன்று இருந்தது. ட்ரோன் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராகப் பதினேழுக்குப் போய் மேலே நின்றது. "சமதளம். பாறை இல்லை. பாதுகாப்பானது" என்று திரையில் பச்சை எழுத்து வந்தது.

"அங்க இல்ல! அங்க இல்ல!" என்று இன்ஜினியர் காதுள்ள ஆளிடம் சொல்வதுபோலக் கத்தினார். ட்ரோன் மிக மரியாதையாக, மெதுவாக, தண்ணீரில் இறங்கி மூழ்கியது. இரண்டு தவளைகள் கரைக்குத் தாவின.

ரசமட்டம்தான் முதலில் கரைக்குப் போய் எட்டிப் பார்த்தார்.

"அத திட்டாதீங்க தம்பி. தண்ணிய விட மட்டம் பிசகாத தளம் எங்க இருக்கு? நானா இருந்தாலும் அங்கதான் இறங்கியிருப்பேன்."

"நிலாவுல குளம் இல்லண்ணே!" இன்ஜினியருக்கு அழுகையே வந்துவிட்டது.

"குளம் இல்ல," என்றார் மேடம் மெதுவாக. "நிழல் இருக்கு. பள்ளம் முழுசா இருட்டா கிடந்தா உள்ள ஒரு கல்லும் தெரியாது. அதையும் இது சமதளம்னுதானே சொல்லும்? அத சோதிச்சுப் பாத்தீங்களா?"

இன்ஜினியர் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். அதற்குப் பிறகு ஏழு வாரம் கேமராவின் கணக்குகளைத் திருத்தினார்கள். ரசமட்டம் மோட்டார் வைத்து நிலாவை இறைத்தார். நிலாத் தண்ணீர் கிடங்குக்குள் வருகிறது என்று சிமென்ட் கிடங்குக் காவலாளி எழுத்துமூலம் புகார் கொடுத்தார்.

எட்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் விண்கலம் நிலாவில் இறங்கியது. ஜெராக்ஸ் கடையில் தொலைக்காட்சிக்கு முன்னால் தெருவே நின்றது. கறுத்துக் கிடந்த ஒரு பள்ளத்தின் மேல் வந்ததும் அது சற்றுத் தயங்கி, பக்கவாட்டில் நகர்ந்து, வெளிச்சமான இடத்தில் கால் வைத்தது. கைதட்டல் ஓயக் கொஞ்சம் நேரமானது. பிறகு முதல் படம் வந்தது: சாம்பல் நிற மண், ஓரமாகச் சில பாறைகள். ரசமட்டம் திரைக்கு ஒரு முழம் முன்னால் போய் நின்றுகொண்டார். பின்னால் இருந்தவர்கள் மறைக்கிறது என்று சத்தம் போட்டும் நகரவில்லை.

"என்னங்க?" என்றாள் மனைவி.

"அங்க போட்ட குழி அப்படியே கிடக்குமாம். மேல ரோடு போட மாட்டான், குப்பை கொட்ட மாட்டான்." அவர் திரையைத் தொட்டுக் காட்டினார். "என்ன ஒரு நிம்மதியான இடம்!"

"போறீங்களா? டப்பாவுல சாப்பாடு கட்டித் தரேன்."

அவர் நிஜமாகவே கொஞ்சம் யோசித்த மாதிரி இருந்தது.

மறுநாள் பல் டாக்டர் ஒருவரின் மருத்துவமனைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்குக் குழி. ஆறடி போனதும் மண்ணில் கறுப்பாக ஒரு பட்டை, அதற்குக் கீழே மஞ்சளாக ஒன்று. ரசமட்டம் வண்டியை அணைத்துவிட்டு உள்ளே இறங்கிச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். சத்தம் நின்றதும் டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"என்னங்க, தோண்ட வந்தீங்களா, பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?"

"இறங்கி வாங்க டாக்டர், காட்டறேன். இந்தக் கறுப்பு ஒரு காலத்துல ஏரிச்சேறு. மஞ்சள் அதுக்கும் மூத்தது."

டாக்டர் வெள்ளைக் கோட்டோடு இறங்கினார். அரைமணி நேரம் ஆனது. ஊசி போட்டு வாய் மரத்துப்போன ஒரு நோயாளி, கழுத்தில் கட்டிய துணியோடு குழியோரம் வந்து நின்று ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்று இரண்டு பேருக்குமே புரியவில்லை.