வெறும் மாத்திரையாக இருக்கட்டும்

தலைப்பிரசவத்துக்காகக் குத்தாலத்துக்குத் தாய்வீடு வந்த ஷமீரா, வந்த சில நாளிலேயே அம்மாவைக் கேட்டுவிட்டாள், என் மேல் என்ன கோபம் என்று. வாயால் கேட்கவில்லை. அவளுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. தன் மார்பை விரலால் தொட்டு, புருவத்தை நெரித்து, இரண்டு கையையும் விரித்துக் கேட்டாள். அடுப்பங்கரையில் நின்றிருந்த ஹமீதா பானு, இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். அதற்கு மேல் சொல்ல அவளிடம் எவ்வளவோ இருந்தது. சொல்லக் கைதான் இல்லை.

அந்த வீட்டில் மகளோடு நடக்கும் பேச்சு முழுக்க ஹமீதாவின் கை வழியாகத்தான் நடந்தது. கணவர் ஜெகபர் அலி ஆயுளில் பெரும்பகுதியைக் குவைத்தில் கழித்துவிட்டு வந்தவர். வா, சாப்பிடு, தூங்கு என்பதற்கு மேல் அவருக்குச் சைகை தெரியாது. ஹமீதா அப்படி விட்டுவிடவில்லை. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது இருவருமாகச் சில சைகைகளைச் செய்துகொண்டார்கள். பிறகு தஞ்சாவூரில் காது கேளாதோர் பள்ளி விடுதியில் சேர்ந்த ஷமீரா, ஒவ்வொரு லீவுக்கும் புதிது புதிதாகக் கற்றுவந்தாள். ஹமீதா அவளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து அத்தனையையும் படித்துக்கொண்டாள். எல்லாம் கலந்து அவர்கள் இருவருக்கு மட்டுமே முழுசாகப் புரியும் ஒரு பாஷை ஆயிற்று. தெருச் சண்டை, கல்யாண வீட்டில் யார் யாரை முறைத்தார்கள், பிரியாணியில் கறி எங்கே போனது என்று எதுவும் அதில் தப்பாது. கீழ்வேளூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் இர்பானுக்கும் காது கேட்காது; அவனுக்கு ஷமீராவைக் கட்டிக்கொடுத்த பிறகு, தினமும் சாயங்காலம் போனில் முகம் பார்த்து அதே வாயாட்டம் தொடர்ந்தது.

ஹமீதாவுக்குக் கட்டைவிரலின் அடிமூட்டில்தான் வலி முதலில் ஆரம்பித்தது. துணி பிழியும்போது ஒரு சுருக். பிறகு விரல் நுனி மூட்டுகள் ஒவ்வொன்றாகப் புடைத்தன, தோலுக்குள் கொண்டைக்கடலை வைத்துத் தைத்ததுபோல. காலையில் கை விறைத்து மடங்காது. மருத்துவர்கள் எக்ஸ்ரேயைப் பார்த்தார்கள், எலும்புத் தேய்மானம் என்றார்கள், வயது என்றார்கள். ஹமீதாவுக்கு ஐம்பத்தாறுதான் ஆகியிருந்தது. தைலம் தடவினாள், நொச்சி இலை ஒத்தடம் கொடுத்தாள், மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கி விழுங்கி வயிற்றைக் கெடுத்துக்கொண்டாள். மாத்திரை போட்டால் கொஞ்ச நேரம் கை பேசும், அவ்வளவுதான்.

மகளிடம் மட்டும் அவள் சொல்லவில்லை. கை வீங்கியிருப்பது ஷமீராவுக்குத் தெரியும், பேசினால் வலிக்கிறது என்பது தெரியாது. தெரிந்தால் அவள் பேச்சை நிறுத்திவிடுவாள். அம்மாவுக்கு வலிக்குமே என்று ஒன்றும் கேட்காமல் ஒரு மூலையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஹமீதாவுக்கு அது வேண்டாம். அதனால் பேச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். பத்து சைகையில் சொன்னதை இரண்டில் சொன்னாள். மகள் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டாள்.

இப்படி இருக்கும்போதுதான், தஞ்சாவூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கை மூட்டுத் தேய்மானத்துக்குப் புது மருந்து கொடுத்துப் பார்க்கிறார்கள் என்று எக்ஸ்ரே எடுத்தவர் சொன்னார். ஊசி போட்டு ஆளைச் சோதனை எலி ஆக்கிவிடுவார்கள் என்று தெருவில் பயமுறுத்தினார்கள். ஹமீதா மறுவாரமே ரயில் ஏறிவிட்டாள்.

ஆராய்ச்சியை நடத்திய டாக்டரின் பெயர் வானதி. நாற்பதைத் தாண்டியவர், அவசரப்படாமல் பேசுகிறவர். விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு அமுக்கிப் பார்த்தார். ஒரு கருவியைக் கொடுத்து முடிந்தவரை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். முள் இருந்த இடத்தைவிட்டு அசையவே யோசித்தது. பிறகு நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு விளக்கினார்.

“பாதிப் பேருக்கு மருந்து உள்ள மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரைம்மா. பாக்க ரெண்டும் ஒண்ணுதான். சீட்டுக் குலுக்கிப் போடற மாதிரி கம்ப்யூட்டர் பிரிக்கும். யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. குணமாகும்னு நான் வாக்குக் குடுக்கல. அதைத் தெரிஞ்சுக்கத்தான் இந்தச் சோதனையே.”

ஹமீதாவின் காதில் புது மருந்து என்பது மட்டும்தான் விழுந்தது. “எனக்கு மருந்து உள்ளதாப் பாத்துக் குடுங்கம்மா,” என்றாள்.

வானதி தலையை அசைத்து மறுத்தார். நர்ஸ் ஒரு தாளில் நீளமாகக் கோடு போட்டிருந்தார். ஒரு முனையில் வலியே இல்லை, மறுமுனையில் தாங்கவே முடியாத வலி. உங்கள் வலி எங்கே இருக்கிறதோ அங்கே புள்ளி வையுங்கள் என்றார். கோடு முடிந்ததற்கு அப்பால் வைக்கலாமா என்று ஹமீதா கேட்டாள். கூடாது என்றார் நர்ஸ். முனையிலேயே வைத்தாள்.

சோதனை மாத்திரை தொடங்கும் முன்பு இரண்டு வாரம் வேறு எந்த வலி மாத்திரையும் தொடக்கூடாது என்பது நிபந்தனை. அந்த இரண்டு வாரத்தை அவள் எப்படிக் கழித்தாள் என்பது அவளுக்கும் படைத்தவனுக்கும்தான் தெரியும். தொழுகையில் துஆவுக்காக இறைவனிடம் ஏந்திய கையை ஏந்தியபடி வைத்திருக்க முடியவில்லை, மடியில் போட்டுக்கொண்டு கேட்டாள். ஷமீரா பக்கத்தில் வந்தால் ஏதாவது சாக்குச் சொல்லிக் கொல்லைக்குப் போய்விடுவாள். ஒருநாள் ஷமீரா அவளைப் பிடித்து உட்காரவைத்து, பிரசவத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது, குழந்தை அழுதால் எனக்கு எப்படித் தெரியும், அதுவும் என்னைப் போலவே இருந்தால் என்ன செய்வது என்று மூச்சுவிடாமல் கொட்டினாள். ஹமீதா முந்தானைக்குள் கையைச் சுருட்டி வைத்துக்கொண்டு தலையாட்டினாள். அவ்வளவுதான் செய்ய முடிந்தது. ஷமீரா கொஞ்ச நேரம் பதிலுக்குக் காத்திருந்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். காது கேட்காதவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அதற்கு மேல் எந்தச் சொல்லும் அவர்களிடம் போய்ச் சேராது.

மாத்திரை தொடங்கிய இரண்டாம் மாதத்தில் பிரசவ வலி எடுத்தது. மயிலாடுதுறையில் ஒரு நர்ஸிங்ஹோமில் சேர்த்தார்கள். இந்தப் பெண்ணுக்கு யார் சொல்லிப் புரியவைப்பது என்று டாக்டரம்மா கேட்க, ஹமீதாவுக்குப் பச்சை அங்கி மாட்டி உள்ளே அழைத்துக்கொண்டார்கள். காலையிலிருந்து அவள் கை ஓயவில்லை. மூச்சை இழு, விடு, திரும்பிப் படு, பயப்படாதே, இன்னும் நேரம் இருக்கிறது. நடுப்பகலில் கட்டைவிரல் பூட்டிக்கொண்டது. மற்ற விரல்கள் மரக்கட்டை ஆகிவிட்டன.

குழந்தையின் தலை தெரிந்த நேரம். இப்போது முக்கக் கூடாது, மூச்சை மட்டும் வாங்கச் சொல்லுங்கள் என்றார் டாக்டரம்மா. ஹமீதா சொன்னாள். கட்டைவிரல் விரிய வேண்டிய இடத்தில் விரியவில்லை. கூடாது என்பது விழுந்துபோய் முக்கு என்பது மட்டும் ஷமீராவைப் போய்ச் சேர்ந்தது. அவள் உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து முக்கினாள்.

“என்னம்மா சொல்றீங்க? ஒழுங்காச் சொல்லுங்க,” என்று நர்ஸ் அதட்டினாள்.

ஹமீதா கையை விட்டுவிட்டாள். முழங்கைகளால் மகளின் முகத்தை அணைத்துத் தன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, வாயைக் குவித்து, தானே பெறுகிறவள்போல உஸ் உஸ்ஸென்று மூச்சுவிட்டுக் காட்டினாள். ஷமீரா அந்த வாயைப் பார்த்து மூச்சுவிட்டாள். பெண் குழந்தை பிறந்தது, நல்லபடியாக. ஆனால் ஷமீராவுக்குச் சதை மோசமாகக் கிழிந்துவிட்டது. தையல் போட வெகுநேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் ஹமீதா சுவரோரம் நின்று, என் கைதான் கிழித்தது, என் கைதான் கிழித்தது என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்தபின் சமாதானம் சொன்ன ஜெகபர் அலியை ஏறிட்டும் பார்க்கவில்லை.

மறுநாள் ஷமீரா கட்டிலில் படுத்தபடியே அம்மாவின் கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரல் நுனியை லேசாக அழுத்தினாள். ஹமீதா முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. எத்தனை நாளாக என்று ஷமீரா கேட்டாள். பல வருஷம் என்று ஹமீதா காட்டினாள். தஞ்சாவூர் மாத்திரையைப் பற்றியும் அப்போதுதான் சொன்னாள்.

அவள் பயந்ததே நடந்தது. அன்றிலிருந்து ஷமீரா அம்மாவிடம் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். வேண்டியதைத் தானே எடுத்துக்கொண்டாள். எதைச் சொன்னாலும் பதில் வேண்டாம் என்று கடைசியில் ஒரு சைகையைச் சேர்த்துவிடுவாள். கீழ்வேளூருக்குத் திரும்பிய பிறகு சாயங்காலப் போனில் குழந்தையைக் காட்டினாள், சிரித்தாள், கையசைத்து வைத்துவிட்டாள்.

மாத்திரை ஒன்றும் செய்யவில்லை. மாதா மாதம் ரயிலில் போய் அந்தக் கோட்டில் புள்ளி வைத்தாள். புள்ளி இருந்த இடத்திலேயே இருந்தது. வேறு யாராவது என்றால் நம்பிக்கை விட்டுப்போயிருக்கும். ஹமீதா அப்போதுதான் ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டாள். நமக்கு வந்தது வெறும் மாத்திரை, அதனால்தான் வலி குறையவில்லை. அப்படியென்றால் நிஜ மருந்து இன்னும் பாக்கி இருக்கிறது. சோதனை முடிந்து அது கடைக்கு வரும், அப்போது நமக்கு வலி குறையும். மருந்து உள்ளதாகப் பார்த்துக் கொடுங்கள் என்று கெஞ்சியவள், இப்போது ஐந்து வேளையும் மடியில் கையைப் போட்டுக்கொண்டு, யா அல்லாஹ், எனக்கு வந்தது வெறும் மாத்திரையாக இருக்கட்டும் என்று கேட்டாள். ஷமீராவுக்கும் இந்தக் கணக்கைச் சொல்லிவைத்தாள். நிஜ மருந்து வரட்டும், அப்புறம் பார், பேசிப் பேசி உன்னைத் தூங்கவிட மாட்டேன் என்று.

மாத்திரை ஆறு மாதத்தில் முடிந்துவிட்டது. எல்லாருடைய கணக்கும் சேர்ந்து முடிவு வர மேலும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்த சமயத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து வரச் சொன்னார்கள். ஷமீரா குழந்தையோடு அன்று குத்தாலத்தில் இருந்தாள். ரயில் நெடுக ஹமீதா அந்தத் துஆவையேதான் கேட்டுக்கொண்டு போனாள்.

வானதி சுற்றிவளைக்கவில்லை. மருந்து சாப்பிட்டவர்களுக்கும் வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் எந்த வித்தியாசமும் இல்லை, இந்த மருந்து இந்த நோய்க்கு வேலை செய்யவில்லை என்றார். ஹமீதா அதைக் காதில் வாங்காமல், எனக்கு வந்தது எது என்று கேட்டாள்.

“உங்களுக்கு வந்தது மருந்து உள்ளதுதான்மா.”

“இருக்காதுங்க. மாறியிருக்கும். நல்லாப் பாருங்க.”

வானதி பட்டியலைத் திரும்பவும் பார்த்தார். அவளுக்காகத்தான் பார்த்தார். மாறவில்லை என்றார்.

“அப்ப வேற என்னதான் இருக்கு?”

தேய்ந்த மூட்டைத் திரும்ப வளர்க்கிற மருந்து தன் கையில் எதுவும் இல்லை என்று வானதி சொன்னார். கட்டைவிரலுக்குப் பட்டை மாட்டலாம், களிம்பு தடவலாம், சில பயிற்சிகள் உண்டு, வலி கொஞ்சம் அடங்கும். கட்டைவிரல் அடிமூட்டுக்கு ஆபரேஷன் உண்டு, ஆனால் விரல் நுனிகளுக்கு அது உதவாது. தானும் இந்த மருந்தை ரொம்ப நம்பியிருந்ததாகச் சொன்னார். பிறகு, “உங்களாலதான்மா இனிமே இந்த மாத்திரையை யாரும் வீணாச் சாப்பிட மாட்டாங்க,” என்றார்.

“நல்லதுங்க,” என்றாள் ஹமீதா. “எம் மக வீட்டுல காத்துக்கிட்டிருக்கா. அவகிட்ட நான் போய் என்ன சொல்லட்டும்?”

வானதி நாற்காலியைவிட்டு எழுந்தார். வாசல்வரை கூட வந்தார்.

திரும்புகிற ரயிலில் ஹமீதா அழவில்லை. அழுகை வந்திருந்தால் தேவலாம் போலிருந்தது. ஜன்னலுக்கு வெளியே அறுத்த வயலும் அறுக்காத வயலும் மாறி மாறிப் போயின. நோய் தீராதது பெரிதில்லை, இத்தனை நாள் கேட்ட துஆவையும் சேர்த்தல்லவா பிடுங்கிக்கொண்டார்கள் என்று இருந்தது. நாளை காலைத் தொழுகையில் என்னவென்று கேட்பது?

அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் ஷமீரா இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள். வெகுகாலத்துக்குப் பிறகு அவளாகவே கேட்டாள், என்ன சொன்னார்கள் என்று. ஒற்றைக் கையை அசைத்து ஒன்றுமில்லை என்று முடித்திருக்கலாம். ஹமீதா பையைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் தூக்கினாள். மருந்து, நிஜம், நான் சாப்பிட்டது நிஜம். அதற்குள் விரல்கள் நடுங்க ஆரம்பித்துவிட்டன. ஷமீரா குழந்தையை இறக்கிவிட்டு, போதும் போதும் என்று ஓடிவந்து அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துத் தன் மார்போடு அணைத்துக்கொண்டாள். பாசத்தில்தான் பிடித்தாள். ஆனால் கையால் பேசுகிறவளின் கையைப் பிடிப்பது வாயைப் பொத்துவது.

ஹமீதா கையை உருவினாள். ஷமீரா விடவில்லை. வலியில் கண்ணில் நீர் வர, ஹமீதா பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பிடுங்கிக்கொண்டு இரண்டடி பின்னால் போய் நின்று சொன்னாள். எனக்கு அது ஒன்றும் செய்யவில்லை. வேறு மருந்து இல்லை. இந்தக் கை இப்படியே போகும், இன்னும் மோசமாகும். நீ என்னைக் கேட்காமல் மட்டும் இருக்காதே.

கடைசிச் சைகை சரியாக வரவில்லை. ஷமீராவுக்குப் புரியவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. ஹமீதா இடது கையால் வலது கட்டைவிரலைப் பிடித்து விரித்துவைத்துக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.