மொட்டைக்கை தட்டிப் பார்த்த கத்தி

பஸ்ஸுக்கு டயர் மாட்டி முடிக்கிறவரை ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பைத்தியம்தான் பிடிக்கும். அதனால் ஒன்று சொல்கிறேன். கதை இல்லை, நடந்தது. ஒரு சொல் பொய் இருந்தாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும்.

நாக்கு எனக்கு இன்னும் வேண்டியிருப்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அங்கங்கே கொஞ்சம் இழுப்பேன். ரப்பரை இழுத்தாலும் ரப்பர் ரப்பர்தானே. எது இழுத்தது, எது இழுக்காதது என்று யாரும் நோண்டக் கூடாது. உங்களுக்குச் சிரிப்பு வருகிற இடமெல்லாம் நான் இழுத்தது. மற்றதெல்லாம் அப்படியே நடந்தது.

மடக்குக் கத்தி செய்கிற தொழிற்சாலை ஒன்றில் ஒருவன் வேலை பார்த்தான். கத்தி செய்கிற வேலை இல்லை, செய்து முடித்த கத்தியைச் சோதித்துப் பார்க்கிற வேலை. பெற்றவர்கள் அவனுக்கு ஒரு பேர் வைத்திருப்பார்கள். சம்பளம் போடுகிறவரைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் அவன் மொட்டைக்கை.

கத்தி கூராக இருக்கிறதா என்று பார்க்க அவன் தன் இடது கை முடியைத்தான் மழித்துப் பார்ப்பான். நாள் முழுக்கக் கத்தி வந்துகொண்டே இருக்கும். ஒரு கையில் முடி எவ்வளவுதான் இருக்கும்? ஈ உட்கார்ந்தால் சறுக்கி விழுந்து கால் ஒடிந்து போகும், அவ்வளவு வழவழப்பு. தன் கை தீர்ந்ததும் வாட்ச்மேன் கையைக் கடன் கேட்பான். வாட்ச்மேன் கையும் தீர்ந்தால் லாரி டிரைவர். அவன் விருந்துக்கு வருகிறான் என்று தெரிந்தால் சொந்தக்கார ஆம்பளைகள் வேகாத வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வார்கள்.

அந்தக் கத்தியின் பெட்டியில் 'வீட்டுக்கும் காட்டுக்கும்' என்று அச்சடித்திருக்கும். அதனால் இரண்டுக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வீட்டுக்குத் தக்காளி, காகிதம், அட்டைப்பெட்டி. தக்காளி நசுங்காமல் தோல் மட்டும் அறுபட வேண்டும். வெட்டின தக்காளி விதை சிந்திச் சிந்தி அவன் மேஜைக்கடியில் செடி முளைத்துக் காய்த்து, அதையே பறித்துத் திரும்ப வெட்டுவான் என்று சொல்வார்கள். காட்டுக்குக் கயிறு, மரக்கிளை, சேறு, உப்புத்தண்ணீர். சேற்றில் புரட்டி எடுத்த கத்தியை ஒரே கையால் கட்டைவிரலை வைத்துத் திறந்து பார்ப்பான். தோள் உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் போட்டுப் பார்ப்பான்.

இதெல்லாம் முடிந்து கடைசியாக ஒன்று. அதுதான் உயிர். மடக்குக் கத்தியின் பிடிக்குள்ளே ஒரு சின்னத் தகடு உண்டு. கத்தியை விரித்தால் அது டக்கென்று வந்து அலகின் அடியில் முட்டுக்கொடுத்து நிற்கும். அது நிற்கிறவரை கத்தி மடங்காது. அது வழுக்கினால், பிடியைச் சுற்றியிருக்கிற உங்கள் விரல் மேலேயே அலகு வந்து விழும். அதனால் மொட்டைக்கை கத்தியைக் கவிழ்த்து, முதுகால் மரக்கட்டையில் ஓங்கித் தட்டுவான். மடங்கவில்லை என்றால் பிடிக்கு உள்பக்கம் ஊசியால் ஒரு புள்ளி குத்துவான். அந்தப் புள்ளி விழுந்துவிட்டால் முதலாளிகூட மறுபேச்சுப் பேச மாட்டார். அவனுக்குச் சொத்து சுகம் எதுவும் கிடையாது. அந்தப் புள்ளிதான் சொத்து.

புள்ளி குத்தின கத்தி நேராகப் பேக்கிங்குக்குப் போகும். அங்கே இருந்தது அவன் பொண்டாட்டி.

பேக்கிங்கில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, காய்ந்த துணியால் துடைத்து, பெட்டியில் வைத்து மூட வேண்டும். ஆனால் கத்தி மங்கலாக இருக்கிறது என்று கடைக்காரர்கள் முனக, சூப்பர்வைசர் அவளிடம் வந்து நின்றார். "பெட்டியத் தொறந்தா கண்ணு கூசணும்மா. எப்படிப் பண்ணுவியோ அது உன் பாடு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் யோசித்தாள். பாலிஷ் எண்ணெயில் துணியை நனைத்துப் பிழிந்து, கத்தியை உள்ளும் புறமுமாகத் தேய்த்தாள். கத்தி அப்படிப் பளபளத்தது, பொம்பளைகள் அதில் பார்த்துத் தலை சீவினார்கள். சூப்பர்வைசர் அவளைப் பேக்கிங் மேஜைக்குத் தலைவி ஆக்கினார். அவளுக்குக் கீழே நாலைந்து பெண்கள். ஆயுசில் முதல்முறையாக நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்தாள்.

அந்த எண்ணெய்க்கு ஒரு வாசனை. பழைய ரப்பரில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்த மாதிரி. சோப்புப் போட்டாலும் போகாது. அவள் கையில், தலையணையில், சாப்பாட்டில் எல்லாம் அது இருந்தது. "எண்ணெய் டின்னையே கட்டிக்கிட்ட மாதிரி இருக்கு" என்று மொட்டைக்கை கேலி செய்வான். "நீங்க மட்டும் என்ன, பாதி கோழி உரிச்ச மாதிரி ஒரு கைய வெச்சுக்கிட்டு" என்று அவள் திருப்பிக் கொடுப்பாள். அப்போதெல்லாம் அந்த வீட்டில் சிரிப்புக்குப் பஞ்சம் இல்லை.

ஒரு நாள் முதலாளி அறைக்கு ஒரு ஆள் வந்தான். மலையேறுகிறவன். சண்டை போட வந்த மாதிரி இல்லை, தன்மையாகப் பேசினான். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. வலது கையில் பச்சைப் பிள்ளையைச் சுருட்டி வைத்த அளவுக்குக் கட்டு. இடது கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள்ளே கத்தி.

முதலாளி மொட்டைக்கையைக் கூப்பிட்டார். உள்பக்கம் பார்த்தார்கள், புள்ளி இருந்தது.

"நீ குத்துனதுதானே?"

"ஆமாங்க சார்."

"எல்லாரும் பாக்க இப்பத் தட்டு."

கத்தியை விரித்தான். முதுகைத் திருப்பி மேஜை விளிம்பில் தட்டினான். உயிர் போன கை மாதிரி அது மடங்கியது. அவன் பழக்க தோஷத்தில் விரலை விலக்கி வைத்திருந்ததால் தப்பித்தான்.

"பாத்தீங்களா?" என்றான் மலையேறுகிறவன். "கத்தி முதுகால கூடாரத்துக்கு முளை அடிச்சிட்டு இருந்தேன். ரெண்டு விரல். ஒண்ணு ஒட்டிரும்னு டாக்டர் சொல்றாரு."

மொட்டைக்கை தகட்டைத் தடவினான். வழுவழுவென்று இருந்தது. விரலை மூக்கில் வைத்தான். பழைய ரப்பர், எலுமிச்சம்பழம்.

அறைக்குக் கண்ணாடிச் சுவர். அந்தப் பக்கம் பேக்கிங் மேஜை. அவள் கையில் துணியோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாம். 'நான் பார்க்கும்போது இது காய்ந்துதான் இருந்தது, பேக்கிங்கில் எண்ணெய் போட்டு ஊற வைத்திருக்கிறார்கள்' என்று சொன்னால் அவன் தப்பித்தான். ஆனால் அந்த நாற்காலி போகும், வேலை போகும், விரல் அறுந்த பழி அவள் தலையில் விழும். அவளாக எழுந்து வந்து சொல்கிறாளா என்று ஒரு மூச்சு நேரம் பார்த்தான். அவள் அடுத்த கத்தியை எடுத்தாள்.

"நான்தான் சரியாத் தட்டலீங்க சார்" என்றான்.

முதலாளிக்கு வேறென்ன வேண்டும். மலையேறுகிறவனுக்குக் காட்ட ஒரு ஆள் கிடைத்தான். மத்தியானத்துக்குள் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள்.

சாயங்காலம் அவள் வந்து செருப்பைக் கழற்றினாள். அவன் சமையல்கட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"துணிய எண்ணெயில நனைச்சா தொடைக்கிற?"

"ஆமா."

"அது உள்ள போயி தகடு வழுக்குது."

"தெரியும். நீங்க விரல மூக்குல வெச்சப்பவே புரிஞ்சு போச்சு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "புரிஞ்சா எந்திரிச்சு வந்திருக்கலாம்ல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

"நீ வருவேன்னு நான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"உங்கள யாரு தியாகி ஆகச் சொன்னா? நானா கேட்டேன்?"

"உனக்காகத்தான்…"

"அதத்தான் சொல்றேன். இனி சாகிறவரைக்கும் இத ஒரு தட்டுல வெச்சு என் மூஞ்சிக்கு நேரா நீட்டிக்கிட்டே இருப்பீங்க. சாப்பாட்டுல உப்பு கம்மின்னா இது. லேட்டா வந்தா இது. வாயத் தொறந்து சொல்லாட்டியும் பார்வையிலயே சொல்லுவீங்க."

அவள் சொன்னது பொய்யில்லை. அவன் அப்போதே அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாளிலிருந்து அவள் காய்ந்த துணியால் துடைத்தாள். சூப்பர்வைசர் கேட்டதற்கு எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று சொன்னாள். ஆனால் ஏற்கெனவே எண்ணெய் தடவி மூடின பெட்டிகள் கிடங்கில் மலையாகக் கிடந்தன. அத்தனையிலும் மொட்டைக்கையின் புள்ளி. புதிதாக வந்த டெஸ்டர் புதுக் கத்தியைத் தட்டுவானே தவிர, மூடின பெட்டியைத் திறந்து பார்ப்பானா? குற்றவாளி அகப்பட்ட பிறகு யார் துப்புத் துலக்குவார்கள்?

"அந்தப் பெட்டி எல்லாம் லாரியில ஏறுதா?" என்று தினமும் கேட்டான்.

"ஏத்தல" என்றாள். ஒரு நாள் "நாளைக்கு ஏத்தறாங்க" என்றாள்.

"நீ சொல்லிரு. துணியாலதான்னு சொல்லிரு."

"வீட்டுல ஒரு வேலை போனது போதாதா? வாடகை யாரு குடுப்பா, உங்க மொட்டைக் கையா?"

"விரல் போவும்."

"முதல்ல நம்ம வயிறு இருக்கட்டும்."

மறுநாள் அவன் தொழிற்சாலை கேட்டுக்குப் போனான். லாரி பின்பக்கம் திறந்து நின்றது. பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. வாட்ச்மேன் அவனை உள்ளே விடவில்லை. கை முடியைக் கடன் கொடுத்த அதே வாட்ச்மேன். "ஐயோ வேணாம்ப்பா, எனக்கும் புள்ள குட்டி இருக்கு" என்றான். மொட்டைக்கை கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினான். முதலாளி வெளியே வந்தார்.

"சார், தப்பு நான் தட்டுனதுல இல்ல. பேக்கிங்ல எண்ணெய் போட்டுத் தொடைச்சிருக்காங்க. அந்தப் பெட்டியில எதையாவது ஒண்ணத் தொறந்து தட்டிப் பாருங்க. ஒண்ணே ஒண்ணு."

"அன்னிக்கு நீதானே சரியாத் தட்டலன்னு சொன்ன?"

"அன்னிக்குப் பொய் சொன்னேன் சார்."

"இன்னிக்கு மட்டும் நெசம் சொல்றியா?" முதலாளி சிரித்தார். "பேக்கிங்ல யாரு, உன் பொண்டாட்டிதானே? வேலை போன கடுப்புல அவளையும் மாட்டி விடப் பாக்குறியா? சரி, அதையும் கேட்டுருவோம்."

அவளைக் கூட்டி வந்தார்கள். கேட்டுக்கு உள்ளே அவள், வெளியே அவன். நடுவில் கம்பி.

"ஏம்மா, எண்ணெய்த் துணியால தொடைச்சியா?"

அவள் சூப்பர்வைசரைப் பார்த்தாள். அவர் லாரியைப் பார்த்தார். 'எப்படிப் பண்ணுவியோ அது உன் பாடு' என்று சொன்ன மனுஷன், லாரி டயரில் காற்று இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்.

"இல்லீங்க சார்" என்றாள். "ஒரு சொட்டுதான் விடுவேன். மூட்டுல மட்டும்."

மொட்டைக்கை அவளையே பார்த்தான். அவள் இன்னும் ஒன்று சேர்த்தாள். அதைச் சேர்த்திருக்க வேண்டாம்.

"வேலை போனதுலேர்ந்து அவருக்கு மனசு சரியில்ல சார். வீட்டுலயும் தனியாப் பேசிக்கிட்டுதான் இருக்காரு. தப்பா எடுத்துக்காதீங்க."

அத்தனை பேரும் அவனைப் பாவமாகப் பார்த்தார்கள். திட்டியிருந்தால்கூட நின்று பேசியிருப்பான். பாவம் என்று பார்க்கிறவனிடம் என்ன பேசுவது? லாரி கிளம்பியது. வழி விடச் சொல்லி ஹாரன் அடித்தது. அவன் விலகி நின்று வழி விட்டான்.

இன்னும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். எங்கே போவது? அவள் அவனிடம் பேசுவதில்லை, சட்டியோடு பேசுவாள். "சட்டி, சாப்பாடு ஆயிருச்சு, வேணுங்கறவங்க வந்து போட்டுக்கலாம்." அவன் கதவோடு பேசுவான். "கதவு, நான் வெளிய போறேன்." சட்டியும் கதவும் நல்ல ஜோடி, அவை இரண்டும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. அவன் இப்போது ஒரு காய்கறி மண்டியில் மூட்டை பிரிக்கிறான். மடக்குக் கத்தியைத் தொடுவதில்லை, பல்லால் கயிற்றைக் கடித்தாலும் கடிப்பானே தவிர. அந்தப் பெட்டிகள் எந்த ஊருக்குப் போயின, எவன் வாங்கினான், எவனுக்காவது மடங்கியதா, ஒன்றும் அவனுக்குத் தெரியாது. ஆனால் கூட்டம் இருக்கிற இடத்துக்குப் போனால் அவன் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. கையைப் பார்ப்பான். ஒவ்வொருத்தர் கையிலும் விரலை எண்ணுகிற மாதிரி பார்ப்பான். சிலர் பிக்பாக்கெட் என்று நினைத்து அடிக்கக்கூட வந்திருக்கிறார்கள்.

"அன்னிக்கு அந்த ரூம்லயே சொல்லித் தொலைச்சிருந்தா இவ்வளவு வந்திருக்குமா?" டயர் மாட்டிக்கொண்டிருந்த எங்கள் பஸ் டிரைவர் ஸ்பேனரைக் கீழே போட்டார். "மடையன்."

"அவன் மடையன்னா அவ யாரு?" மூட்டை மேல் உட்கார்ந்திருந்த பெரியவர் கேட்டார். "கட்டினவனையே பைத்தியம்னு ஊருக்கு முன்னாடி சொன்னாளே, அவள என்ன பண்ணலாம்?"

"ஒண்ணும் பண்ண வேணாம், நீங்க போயி அவங்க வீட்டு வாடகையக் குடுங்க பெரியவரே" என்றாள் பஸ்ஸில் வந்த ஒரு தையல்காரி. "ரெண்டு பேரும் தெருவுல நின்னாத்தான் உங்களுக்கெல்லாம் நியாயம் கெடச்ச மாதிரி இருக்குமா?"

பக்கத்தில் இருந்த அவள் புருஷன் மெதுவாகத் திரும்பினான். "அப்ப நீயா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்ப?"

"நான் அதச் சொல்ல வரல."

"அதத்தான் கேக்கறேன். எனக்கு மனசு சரியில்லன்னு நாலு பேரு முன்னாடி சொல்லுவியா?"

"முதல்ல நீங்க எனக்காக ஒரு வேலைய விடுவீங்களா? அதச் சொல்லுங்க. போன வருஷம் எங்கண்ணன் கடையில பணம் கொறஞ்சப்ப யாரு பேரச் சொன்னீங்க?"

"அந்தப் பேச்ச இங்க எடுக்காத."

"எடுப்பேன். எல்லாரும் கேக்கட்டும்."

"கேக்கட்டும்மா, எடு" என்றார் பெரியவர். "நீ வாய மூடுய்யா" என்று அவர்கள் இரண்டு பேரும் அவர் மேல் ஒன்றாகப் பாய, டிரைவர் குறுக்கே வர, அவள் பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். "நான் உங்ககூட இந்த பஸ்ல வரல" என்று அங்கிருந்தே சத்தம் போட்டாள்.