கட்டியவர்: பூதம்

பழங்காலத்தில் நம்மைவிட மேலான ஒரு சாதி இந்தப் பூமியில் வாழ்ந்ததா என்று யாராவது பேச்செடுத்தால் நான் வெற்றிலை மடிக்கத் தொடங்கிவிடுவேன். வாய் நிறைந்திருந்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கேள்விக்கு ஒருமுறை நான் எழுத்தில் பதில் கொடுத்திருக்கிறேன். அப்போது என் கையெழுத்து நன்றாக இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் அரசாங்கத்துக்காகக் குளம் திருத்தும் ஓவசியராக இருந்தேன். கிரான் என்ற ஊரில் ரயிலை விட்டு இறங்கி, வாவியைத் தோணியில் கடந்து, காட்டோரமாக இரண்டு மணி நேரம் நடந்தால் ஒரு பழைய குளம் வரும். அதன் கரைக்கட்டைத் திருத்துவதற்கு முன் விவரப் படிவம் ஒன்றை நிரப்ப வேண்டியிருந்தது. ஏற்கெனவே இருந்த படிவத்தில் "கட்டியவர்" என்ற இடத்தில் யாரோ ஒரு புண்ணியவான் "பூதம்" என்று எழுதி வைத்திருந்தார். அதை எஞ்சினியர் துரைக்கு விளங்கப்படுத்தினேன். அவர் சிரிக்கவில்லை. போய்ப் பார்த்துச் சரியானதை எழுதிக்கொண்டு வா என்றார்.

அந்தக் குளத்தை நம்பியிருந்த வயல்வெளியை வட்டை என்பார்கள். வட்டையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சரித்திரம் ஒன்று இருந்தது. மனிதர் பிறப்பதற்கு முன்னால் பூதங்கள் வாழ்ந்தன. நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். ஆனை அசைக்காத கல்லை இடுப்பில் தூக்கி வந்து குளத்தைக் கட்டினார்கள். மனிதர் வரப்போவது தெரிந்ததும், இனி இங்கே நமக்குச் சரிவராது என்று பூமிக்குள் போய்விட்டார்கள். போகும்போது ஒரு கட்டளை விட்டுப் போனார்கள்: தண்ணீர் முதலில் கடைசி வயலுக்கு. பிறகு அதற்கு மேலே உள்ள வயலுக்கு. குளத்தடியில் இருக்கிறவனுக்கு எல்லாருக்கும் பிறகுதான்.

ஒவ்வொரு போகத்திலும் குளக்கட்டில் பொங்கி, படையல் மடை வைத்து, தண்ணீர் முறையைப் பார்க்கிற வட்டைவிதானை பூதத்திடம் உத்தரவு கேட்டுத் துருசு எனப்படும் மதகைத் திறப்பார். தண்ணீர் மேல் வயல்களைத் தாண்டி இரண்டு மைல் தூரம் ஓடிக் கடைசி வரம்பில் போய் நிற்கும்.

இதையெல்லாம் கேட்டு மனத்துக்குள் சிரித்தேன். சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை என்பது வேறு விஷயம். அந்த நாட்களில் கடல் விழுங்கிய பெருங்கண்டம் ஒன்றைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதுவார்கள். எல்லாக் கலையும் கரைத்துக் குடித்த ஆதி மக்கள் அங்கே வாழ்ந்தார்களாம். பிழைத்து வந்தவர்கள்தான் உலகத்துக்கே படிப்பித்தார்களாம். அவற்றை வெட்டி ஒட்டி ஒரு கொப்பி நிறைய வைத்திருந்தேன். இந்தக் குளம் அவர்களுடைய வேலையாக இருந்துவிட்டால், கண்டுபிடித்தவன் என்று என் பெயரும் அச்சில் வருமே என்ற ஆசை எனக்கு. அவர்களுக்குப் பூதம், எனக்குக் கண்டம். என்னுடையது பத்திரிகையில் வந்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைசி வயல் ஒரு பெண்ணுடையது. தாய்வழியில் வந்த காணி. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். கணவர் மலேரியாக் காய்ச்சலில் போய்விட்டார், இரண்டு பெண்பிள்ளைகள். முந்திய மாரி வெள்ளம் அவருடைய வேளாண்மையை அள்ளிக்கொண்டு போயிருந்தது. அந்தப் போகத்துக்கு அவர் விதைத்திருந்தது வீட்டில் மிஞ்சிய கடைசி விதைநெல். இதை அவர் என்னிடம் முறைப்பாடாகச் சொல்லவில்லை, பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னார். மத்தியானத்தில் அவருடைய வயல் குடிசையான வாடியில் எனக்குச் சோறும் எருமைத் தயிரும் கிடைக்கும். கூடவே கேலியும் கிடைக்கும்.

"பூதத்தக் கண்டா நம்மட வரம்பையும் ஒருக்காக் கட்டித் தரச் சொல்லுங்க ஐயா" என்பார்.

துருசடியில் தோண்டியபோது ஒரு முழ நீளச் செங்கற்கள் வந்தன. கழுவிப் பார்த்ததில் ஒன்றில் மூன்று விரல் தடம். மண் பச்சையாக இருக்கும்போது யாரோ விரல்களை இழுத்திருக்கிறார்கள், சூளையில் சுட்ட பிறகு அப்படியே நின்றுவிட்டது. என் விரல்களை வைத்துப் பார்த்தேன். பள்ளம் ஒடுக்கமாக இருந்தது. பூதம் போயிற்று. கண்டமும் போயிற்று, ஏனென்றால் அந்த ஞானிகள் வெயிலில் குந்தியிருந்து செங்கல் அறுத்ததாக எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் பூதமில்லை என்று நிரூபித்துவிட்டேனே என்ற பெருமை ஏமாற்றத்தை விழுங்கிவிட்டது.

அன்று அவர் சோறு கொண்டு வந்தபோது செங்கல்லைக் காட்டினேன். தன் விரல்களை வைத்தார். அளவெடுத்தது போலப் பொருந்தின.

"இது பொம்புளக் கை ஐயா. மண் காஞ்சிட்டா எண்டு தொட்டுப் பாத்திரிக்கா."

கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. பிறகு கேட்டார், "இத எழுதப் போறீங்களா?"

"ஓம். மனிசர் கட்டினது எண்டு எழுதத்தானே வேணும்."

"வேணாம் ஐயா. பூதம் எண்டே கிடக்கட்டும்."

நான் சிரித்தேன். உண்மைக்கு நாம் பயப்படக் கூடாது என்று ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தேன்.

"பூதம் போனா பூதத்திர கட்டளையும் போயிரும். மறுகா மேல் வயற்காரர் எனக்கு எப்ப தண்ணி விடுவாங்க?"

"அது கனகாலத்து வழமை அக்கா. ஒரு கடதாசியில எழுதினதுக்காக ஆரும் வழமைய மாத்த மாட்டாங்க."

அவர் பாத்திரங்களைக் கழுவப் போனார். நான் அன்று பின்னேரமே படிவத்தை எழுதினேன். "கட்டியவர்: மனிதர்." பக்கத்தில் செங்கல்லின் படமும் வரைந்தேன். ஒரு பிரதி எஞ்சினியர் துரைக்கு, ஒரு பிரதி வட்டைவிதானைக்கு.

அந்த வருடம் மழை குறைவு, குளத்தில் பாதித் தண்ணீர்தான். துருசு திறப்பதற்கு முன் குளக்கட்டில் கூட்டம் கூடியது. குளத்தடியில் நிறைய வயல் வைத்திருந்த போடியார் எழும்பினார். கெட்ட மனிதர் அல்ல, கோயிலுக்கும் கொடுப்பார், ஏழைக்கும் கொடுப்பார். அமைதியாகத்தான் பேசினார்.

"ஐயா படிச்ச ஆள். பாத்து எழுதிரிக்கார். குளத்தப் பூதம் கட்டல்ல. கட்டாத பூதம் என்னெண்டு நமக்குக் கட்டள போடும்? மனிசர் கட்டினது எண்டா எங்கட முந்தின ஆக்கள்தான் கட்டிரிப்பாங்க. எங்கட வயல்தானே குளத்தடியில கிடக்கு." பிறகு என் பக்கம் திரும்பினார். "மனிசர்தானே ஐயா?"

செங்கல்லில் விரல் இருந்ததே தவிர ஊரும் பெயரும் இருக்கவில்லை. கட்டியது யாராக இருந்தாலும் முறை முறைதான். இரண்டையும் நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை பேரும் என் படிப்பை மதித்துக் காத்திருந்தார்கள்.

"ஓம், மனிசர்தான்" என்றேன்.

கேட்ட கேள்விக்குச் சரியான பதில். அன்று பொங்கலும் நடந்தது, மடையும் வைத்தார்கள், பூதத்துக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. தண்ணீரை மட்டும் மேல் வயலுக்குத் திருப்பிவிட்டார்கள்.

முன்பெல்லாம் மேல் வயற்காரர்கள் வாய்க்காலை இரவு பகலாகக் காவல் காப்பார்களாம். தண்ணீர் வழியில் ஒழுகாமல் கடைசி வயலுக்குப் போய்ச் சேர்ந்தால்தானே அவர்களுடைய முறை வரும். இப்போது தங்கள் வயல் நிறைந்ததும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நண்டு துளைத்த இடத்தில் வாய்க்கால் உடைந்து தண்ணீர் காட்டுக்குள் பாய்ந்தது. அடைக்க ஆள் வரவில்லை. குளத்தில் கல்லையும் மண்ணையும் அளந்த நான் இந்தக் கட்டளையை அளக்கவில்லை. அதைச் செய்தவனுக்கு எஞ்சினியர் துரையைவிட மூளை இருந்திருக்க வேண்டும்.

பழைய முறைக்குத் திரும்பச் சொல்லி வட்டைவிதானையிடம் போனேன். "எழுதினது நீங்கதானே ஐயா" என்றார், கோபமில்லாமல். துரைக்கு எழுதினேன். வயல் செய்கிற கமக்காரரின் வழமைகளில் நாம் தலையிடுவதில்லை என்று பதில் வந்தது. மூன்றாம் தண்ணீர் முறைக்குக் குளத்தில் சேறுதான் மிச்சம்.

கதிர் தள்ள வேண்டிய நாட்களில் அவருடைய பயிர் மஞ்சளாகிப் படுத்துவிட்டது. நான் போனபோது அவரும் இரண்டு பிள்ளைகளும் அதை மாட்டுக்கு அறுத்துக்கொண்டிருந்தார்கள். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வரம்பில் நின்றபோது வெட்கமாக இருந்தது. கடைசியில் வாயில் வந்தது வேறு.

"மனிசர் கட்டினது எண்டு எழுதினது பொய்யில்லையே அக்கா."

அவர் நிமிர்ந்து அரிவாளை மறு கைக்கு மாற்றினார்.

"பொய் எண்டு நான் சொன்னனா? அது மனிசர் கட்டினது எண்டு எங்க எல்லாருக்கும் தெரியும் ஐயா. மனிசர்ர சொல்ல மனிசர் கேக்க மாட்டாங்க எண்டுதான் பூதம் எண்டு சொல்லி வெச்சிரிக்காங்க."

பிறகு வெயிலைப் பார்த்துவிட்டு, நேரம் போய்விட்டது, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று வாடிக்குள் கூப்பிட்டுச் சோறு போட்டார். விதைநெல்லும் இல்லாத வீடு என்று தெரிந்தும் மறுக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. உட்கார்ந்து சாப்பிட்டேன்.