அரைப்பேருக்கு ஆட மறுத்த கெப்டன்

மேசை இல்லாததால் மெனேஜர் ஒப்பந்தத்தைக் கட்டிலின் மேல் விரித்து வைத்தார். எங்கள் அணியின் கெப்டன் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, பேனாவைக் கையில் பிடித்தபடி ஒவ்வொரு வரியாக வாசித்தாள். டயகம தேயிலைத் தோட்டத்தில், வரிசையாய் ஒட்டி நிற்கும் லயத்து வீடுகளில் ஒன்று அவளுடையது. வாசலில் பாதித் தோட்டமே நின்றது. கொழும்புக் கம்பனி ஒன்று தன் கூடைப்பந்து அணிக்கு எங்கள் இருவரையும் சம்பளத்துக்கு எடுக்க இந்த மெனேஜரை அனுப்பியிருந்தது. அவள் கூடை போடுகிறவள். நான் அவளுக்குப் பந்து கொடுக்கிறவள். சீக்கிரம் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கலாம் என்றுதான் நான் காத்திருந்தேன். அவள் பேனாவை மூடிவிட்டாள்.

எனக்காகப் பாவம் பார்த்துத்தான் அப்படிச் செய்தாள் என்று ஹட்டனில் இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். அவர்களுக்கு நடந்தது எதுவும் தெரியாது. அந்தத் தாளில் ஒரு வரி இருந்தது: ஓர் ஆட்டத்தில் சொன்ன புள்ளிகளை எடுக்காவிட்டால் அந்த ஆட்டத்துக்குப் பாதிச் சம்பளம். கெப்டன் அதை உரக்க வாசித்ததும் வாசலில் நின்ற பெண்களின் முகம் மாறியது. நாள் முழுக்க மழையில் நின்று பறித்தாலும், சொன்ன கிலோவுக்குக் கொழுந்து குறைந்தால் தோட்டத்தில் பாதிச் சம்பளம்தான். அதற்கு அரைப்பேர் என்று பெயர். அவளுடைய அம்மா, "இதுக்கா கொழும்புக்குப் போகணும்? இங்கயே தாராளமா குடுக்குறாங்களே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மெனேஜர் சிரிக்கவில்லை.

"தங்கச்சி, நீங்க எப்படியும் அந்தப் புள்ளியத் தாண்டிருவீங்க. ஒங்களுக்கு என்ன பயம்?" என்று கேட்டார்.

"நாளைக்குக் கால் பிசகுனா நானும் அரைப்பேர்தான் சேர். பந்து குடுக்குறவ எந்நாளும் அரைப்பேர். அந்த வரிய வெட்டுங்க, போடுறேன்" என்றாள் கெப்டன்.

அவர் வெட்டவில்லை. தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவளை வீட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், "எனக்காக ஒன் வேலயக் கெடுத்துக்காத, போட்டுத் தொல" என்று கத்தினேன். "ஒனக்காகன்னு யாருடி சொன்னா? ஒன் மூஞ்சிக்கு அது ஒன்னுதான் கொறச்சல்" என்றாள்.

மறுநாள் ஹட்டனில் அதே கம்பனி அணியோடு எங்களுக்கு ஆட்டம். முந்தைய ஆட்டங்களில் அவள் தனியாளாக எதிரணியைத் தோற்கடித்ததைப் பார்த்துத்தான் இவர்கள் தேடி வந்திருந்தார்கள். அதனால் அவளைத் தடுக்க இரண்டு பேரை ஒட்டவிட்டார்கள். அவளோ கூடையைப் பார்க்கவே இல்லை. இருவரையும் தன்னோடு ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போவாள். கூடைக்குக் கீழே ஆளில்லாமல் போகும். உடனே பந்து எனக்கு வரும். நான் முதலில் எறிந்த பந்து வளையத்தில்கூடப் படவில்லை. "கொழுந்து எடுக்கப் போ புள்ள!" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான். கெப்டன் திரும்பவும் எனக்கே கொடுத்தாள். திரும்பவும் தவறவிட்டேன். திரும்பவும் கொடுத்தாள். பிறகு விழ ஆரம்பித்தது. மற்றப் பிள்ளைகளும் போட்டார்கள். அவள் புள்ளிகளைக் குவித்த எத்தனையோ ஆட்டங்களை நான் கூட நின்று பார்த்திருக்கிறேன். அவளுடைய மிகச் சிறந்த ஆட்டம் இதுதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வென்றோம். வியர்வையைக்கூடத் துடைக்காமல் அவள் மெனேஜரிடம் போனாள். "இன்னைக்கு நான் போட்டது ஒரே ஒரு கூடை சேர். ஒங்க பேப்பர்படி எனக்கு அரைப்பேர். ஜெயிச்சது யாரு?"

மெனேஜர் தள்ளிப்போய்க் கொழும்புக்குப் போன் எடுத்துச் சிங்களத்தில் நெடுநேரம் பேசினார். திரும்பி வந்து இரண்டு தாள்களிலும் அந்த வரியைக் குறுக்கே வெட்டி, பக்கத்தில் கையெழுத்து வைத்தார். அதற்குப் பிறகுதான் நாங்கள் வைத்தோம்.

கெப்டன் இன்றைக்கு அந்த அணிக்குப் பயிற்சி கொடுக்கிறாள். நான் கொட்டகலையில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். இங்கிருந்து கம்பனிக்கு ஆடப் போகும் பிள்ளைகளின் ஒப்பந்தத்தில் அந்த வரி கிடையாது. மலையில் மட்டும் அது அப்படியே இருக்கிறது. போன கிழமை மழையில் கெப்டனின் அம்மாவுக்கு மறுபடியும் அரைப்பேர் போட்டிருக்கிறார்கள். கெப்டன் லீவு எடுத்து வந்துவிட்டாள். நாளைக் காலை தோட்டத்து ஆபீசுக்குப் போகிறோம். லயத்துப் பெண்கள் எல்லாரும் கூட வருகிறார்கள். பேசப்போவது அம்மாதான்.